அடுப்படி அலமாரியும் அந்த வியாழக்கிழமையும்

என்னோடு பதினேழு வருஷம் ஒரே அடுப்பில் உலை வைத்த ஜெயாக்காவுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்கத்தான் கை வருகிறது. போன இடத்தில் யார் சமைக்கிறார்களோ, குழம்பில் புளி தூக்கலாகிப் போனால் யாரிடம் சண்டை போடுகிறீர்களோ தெரியவில்லை. இங்கே எல்லாரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். மாமாவுக்கு அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன் வேலையில் மாறி மாறி வந்த ராத்திரி முறையை நிறுத்தி, முழுக்கப் பகல் ட்யூட்டியாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் மகன் பிரகாஷ் இளைத்துவிட்டான். கேட்டால் டயட் என்கிறான்.

உங்கள் அடுப்படி அலமாரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அது நனைந்துவிட்டது, அக்கா. லேசாக நனையவில்லை, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றது. நனைத்தது வேறு யாருமில்லை, நான்தான். அதைவிடப் பெரியதாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல நாலு மாதமாக எனக்கு வாய் வரவில்லை. உங்களைப் பற்றி நாலு பேரிடம் குறை சொன்னவள் நான். அதனால் இதையும் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். அதுதானே நியாயம்?

படிக்கிறவர்களுக்கு நாம் யார் என்று தெரிய வேண்டும். ஜெயாக்கா என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. அக்காவின் வீட்டுக்காரரைத்தான் மாமா என்கிறேன். கல்யாணமாகி நான் இந்த மூலக்குளம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்புதான். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அக்காவின் மகன் பிரகாஷ்தான் எங்கள் நாலு பேருக்கும் பிள்ளை. பசிக்கிறது என்றால் அம்மாவிடம் சொல்வான், வேறு எதுவென்றாலும் என்னிடம்தான் வருவான். சித்தி, சித்தி என்று தையல் மெஷினைச் சுற்றிச் சுற்றி வளர்ந்தவன்.

நான் வந்தபோது அந்த அலமாரி இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மில் மூடி, மாமா வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். நீங்கள் டவுனில் ஒரு சொல்தா வீட்டில் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற தமிழ்க் குடும்பங்களை நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். அந்த வீட்டு அம்மா, நீங்கள் மதாம் என்று கூப்பிடுகிறவர், பிள்ளைகளோடு பிரான்சுக்கே போய்விட முடிவு செய்தார்கள். வீட்டை வாங்கியவர் இடித்துக் கட்டப் போகிறார் என்று தெரிந்ததும், "ஜெயா, உனக்கு இன்னா வேணுமோ எடுத்துக்க" என்றார்களாம். கட்டில் இருந்தது, சாய்வு நாற்காலி இருந்தது, ஆளுயரக் கண்ணாடி இருந்தது. நீங்கள் அடுப்படியைக் காட்டி அந்த அலமாரியைக் கேட்டீர்கள்.

நல்ல தேக்கு. கீழே நாலு கதவு, மேலே மூன்று கதவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பித்தளைக் குமிழ். அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் உட்காராமல், பின்னால் கயிற்றைப் பிடித்தபடி வில்லியனூர் ரோடு முழுக்க நின்றுகொண்டே வந்தீர்களாம். "சாமி ஊர்வலம் வர்ற மாதிரி வந்தா உங்கக்கா" என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுகிறார்.

நமக்குள் முதல் சண்டையே அந்த அலமாரியால்தான் வந்தது. மறந்திருக்க மாட்டீர்கள். நான் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, உங்களிடம் நல்ல பேர் வாங்க வேண்டுமென்று எனக்கு ஆசை. நீங்கள் அன்றைக்கு வெளியே எங்கோ போயிருந்தீர்கள். மரம் பளபளவென்று இருந்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயை எடுத்து ஏழு கதவிலும் தடவித் தேய்த்தேன். சாயங்காலம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் விடிந்து பார்த்தால் வீட்டிலிருக்கிற எறும்பு, பக்கத்து வீட்டு எறும்பு எல்லாம் கதவில் வரிசை கட்டி ஏறுகிறது. நாலு நாளில் எண்ணெய் பிசுபிசுவென்று ஆகி, தாளிக்கிற புகையும் தூசியும் அதில் ஒட்டி, கை வைத்தால் கை ஒட்டிக்கொண்டது. மூன்று நாள் உட்கார்ந்து நீங்கள் அதை எடுத்தீர்கள். என்னைத் திட்டவில்லை. "வுடு, இது உனக்கு வராது" என்று மட்டும் சொன்னீர்கள்.

திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அதற்குப் பிறகு பதினேழு வருஷம், நான் அந்த அலமாரிப் பக்கம் துணியோடு போனாலே அதே வார்த்தைதான். எனக்கு ரவிக்கை தைக்க வரும், பிரகாஷுக்குக் கணக்குப் பாடம் சொல்லித்தர வரும், கருவாட்டுக் குழம்பு உங்களைவிட நன்றாகவே வரும். அதை நீங்களே ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் மரத்தைத் துடைக்க மட்டும் எனக்கு வராது. வெளியே சிரித்தாலும், ஒவ்வொரு முறையும் உள்ளே சுருக்கென்றுதான் இருக்கும். அது உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

வியாழக்கிழமை என்றால் உங்கள் அலமாரி நாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, வீடு சுத்தமாக இருக்க வேண்டும். சுவரில் மூன்று ஆணி, மூன்று துணி. மூன்றும் மாமாவின் பழைய வேட்டியிலிருந்து கிழித்தவை. முதல் துணியால் தூசி தட்டுவீர்கள். இரண்டாவதை, பாத்திரம் கழுவுகிற சோப்பு இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, சொட்டு விழாமல் முறுக்கிப் பிழிந்து, மரத்தின் ரேகை போகிற பக்கமாகவே துடைப்பீர்கள். அந்த ஈரம் காய்வதற்குள் மூன்றாவது துணி வந்துவிடும். ஒரு நாள் மாமா சாப்பிட்டுவிட்டு அந்த மூன்றாவது துணியில் கை துடைத்ததற்கு இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தீர்கள்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன், அக்கா.

ஐப்பசி மழை இரண்டு நாளாக விட்டு, லேசாக வெயில் அடித்தது. ஆம்பளைகள் மூன்று பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். நீங்கள் கீழ்க்கதவுகளைத் துடைக்கக் குந்தினீர்கள். நான் துவைத்த துணியைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் துணியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைத் தடவினீர்கள்.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்லடி. நெஞ்ச கரிக்கிற மாதிரி கீது. வாயுவா இருக்கும்."

"எழுந்திரிங்க. நான் தொடைக்கிறேன்."

"உனக்கு வராது. நீ போய் துணியக் காயப்போடு."

அவ்வளவுதான் பேச்சு. உங்கள் நெற்றி வேர்த்திருந்தது. அதைப் பார்த்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு துணியைக் கையில் கொடுக்க மனசு வரவில்லையே என்று, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு விடுவிடுவென்று மாடி ஏறிவிட்டேன். நான் போன வேகத்தில் தெரிந்திருக்கும், கோபித்துக்கொண்டுதான் போகிறேன் என்று. தெரிய வேண்டுமென்றுதான் அப்படிப் போனேன்.

துணி காயப்போட பத்து நிமிஷம் போதும். நான் அரை மணி நேரம் மேலேயே இருந்தேன். பக்கத்து வீட்டு மாடியில் மல்லிகா நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் உங்களைப் பற்றித்தான் பேசினேன். "அந்தம்மாவுக்கு அவங்க அலமாரிதான் ஒசத்தி, மனுஷங்க அப்புறந்தான்" என்று சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். இறங்கி வந்து பார்த்தபோது அலமாரிக்கு முன்னால் ஒருக்களித்துக் கிடந்தீர்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எல்லாரும் என்னைக் கேட்டார்கள். "துணி காயப்போட மேல போயிருந்தேன், வந்து பாத்தா விழுந்து கெடந்தாங்க" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நெஞ்சு கரிக்கிறது என்று நீங்கள் என்னிடம் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். முதல் நாள் விட்டதை மறுநாள் எப்படிச் சேர்ப்பது? பதினாறாம் நாள் காரியத்தில் பிரகாஷ் மொட்டைத் தலையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யாருமே இல்லாதப்ப போய்ட்டாங்களே சித்தி" என்றான். அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை.

அலமாரி நனைந்தது நீங்கள் போன அன்றைக்குத்தான். உங்களைத் தூக்கிக்கொண்டு தெரு திரும்பியதும், வழக்கம்போல பெண்கள் வீட்டைக் கழுவி விட ஆரம்பித்தார்கள். நம் நாத்தனார் வாசலில் நின்றுகொண்டு, "ஒரு மூலைகூட வுடாத, நல்லா ஊத்து" என்றார். எனக்கு எதையாவது செய்ய வேண்டும் போல வெறி. குடம் குடமாகத் தூக்கி ஊற்றினேன். கூடத்தில் ஊற்றினேன், அடுப்படியில் ஊற்றினேன். அலமாரி மேலேயும் ஊற்றினேனா என்று எனக்கு நினைவில்லை. ஊற்றியிருப்பேன். மழையில் சாக்கடை நிரம்பி, அடுப்படித் தண்ணீர் வெளியே போகாமல் அப்படியே நின்றது. அதைத் தள்ளிவிட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கப் போனால், கீழ்க்கதவு நாலும் திறக்கவில்லை. மரம் ஊறி உப்பி, ஒன்றோடொன்று இறுகிப் போயிருந்தது. ஒரு சொட்டு ஈரம் நிற்க விடாமல் நீங்கள் பார்த்துக்கொண்ட மரம் அது.

பதினாறு முடிந்ததும் பிரகாஷ் மறுபடியும் கம்பெனிக்குப் போகத் தொடங்கினான். அந்த வாரமே, "இந்த கப்போர்ட ஒடச்சிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு செஞ்சிக்கலாம் சித்தி. பிவிசில போட்டா கழுவி வுட்டுக்கலாம்" என்றான். ஊறிப் போனதால் சொல்கிறான் என்று நினைத்தேன். மரம் காய்ந்தால் சரியாகிவிடும் என்றேன். அப்போதுதான் அவன் குரல் மாறியது.

"காஞ்சாலும் வேணாம். எங்கம்மா இதத் தொடச்சித் தொடச்சித்தான் செத்தாங்க. ஒடம்பு முடியலன்னு ஒரு நாள் படுத்திருக்காங்களா? இதப் பாக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது."

என் வீட்டுக்காரர் வழக்கம்போல டிவியைப் பார்த்தார். நான்தான், ஒரு மாதம் டைம் கொடு, காயவைத்துப் பார்க்கிறேன், ஆகவில்லை என்றால் உடைத்துக்கொள் என்று கெஞ்சினேன். என் மேல் பழி வராமல், மரத்தின் மேல் பழி போகிறது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்துதான் சும்மா இருந்தேன். அதனால்தானோ என்னவோ, அந்த மரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கருவடிக்குப்பத்திலிருந்து ஏழுமலை ஆசாரியைக் கூட்டி வந்தேன். அவர் தட்டிப் பார்த்து, மெல்ல நெம்பி, கீழ்க்கதவு நாலையும் கழற்றிக் கொடுத்தார். "மரம் சாவல. அடிப்பலகதான் போயிடுச்சி. கதவ நெழல்ல செங்கல் மேல படுக்க வையுங்க. காத்து ரெண்டு பக்கமும் போவணும். வெயிலு வேணாம்" என்றார். நான் யார் சொல்லிக் கேட்டேன்? பத்து நாள் பொறுத்தேன். பிறகு ஒரு நாள் நல்ல வெயில் வரவும், சீக்கிரம் காயட்டுமே என்று ஒரு கதவை மாடியில் கொண்டு போய் வைத்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் நடுவில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மல்லிகா அவள் வீட்டு மாடியிலிருந்து, "இன்னாச்சி கலா" என்றாள். அவளோடு பேசப் பிடிக்கவில்லை, இறங்கி வந்துவிட்டேன்.

மற்ற மூன்றையும் அவர் சொன்னபடியே வைத்தேன். தினமும் காலையில் ஒரு முறை திருப்பிப் போடுவேன். அதற்குள் அடுப்பை ஒட்டிய மேல்கதவில் பிசுக்கு ஏறியிருந்தது. நீங்கள் போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. தைக்கிற வேலையை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று துணியையும் எடுத்துக்கொண்டு போனேன். போய் நின்றுகொண்டே இருந்தேன். "உனக்கு வராது" என்று ஒரு குரல் வரும் என்று காது காத்திருந்தது, அக்கா. வரவில்லை. அன்றைக்குத்தான் நீங்கள் இல்லை என்பது எனக்கு முழுசாக உறைத்தது.

முதல் தடவை நன்றாக வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அவசரப்பட்டுக் கம்பி நாரை எடுத்து, ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டேன். பிறகு நிதானம் வந்தது. ஆப்ப சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பிசுக்கின் மேல் விரலால் பூசி, இரண்டு நிமிஷம் விட்டு, பிழிந்த துணியால் எடுத்தால் மரத்துக்கு வலிக்காமல் வருகிறது. குமிழைச் சுற்றி இருக்கிற அழுக்குக்குப் பழைய பல் துலக்குகிற பிரஷ் போதும். வெறும் எண்ணெய் தடவினால்தான் பிசுக்கு. தேன்மெழுகைத் துளி தொட்டுத் தேய்த்துவிட்டு, காய்ந்த துணியால் இன்னொரு முறை அழுத்தித் தேய்த்தால் எறும்பு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் செய்ததைப் பதினேழு வருஷம் வாசல்படியில் நின்று பார்த்தே கற்றிருக்கிறேன். அப்போது கையில்தான் துணி இல்லை.

ஒரு விஷயம் உங்களைக் கேட்க வேண்டும். கீழ்க்கதவைத் துடைக்கக் குந்தும்போது அடுப்படியே வேறு மாதிரி தெரிகிறது. யாரும் கூப்பிடுவதில்லை, கண் முன்னால் ஒரு பலகைதான் இருக்கிறது. மாமாவுக்கு வேலை போனது, எனக்குப் பிள்ளை இல்லாதது, பிரகாஷ் பெயிலானது எல்லாவற்றையும் அந்த ஒரு மணி நேரம் ஓரமாக வைத்தீர்களா? அதனால்தான் அந்தத் துணியை யாரிடமும் கொடுக்கவில்லையா? நான் அதை என்னை மட்டம் தட்டுவதாகவே எடுத்துக்கொண்டேன். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

ஒரு மாதம் என்றது மூன்று மாதமாக நீண்டது. பொங்கல் கழிந்து இரண்டு வாரம் பொறுத்தான் பிரகாஷ். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அளவெடுக்க ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அந்த ஆள் டேப்பை வைத்து அளந்துவிட்டு, "பழசக் கழட்டி நாங்களே எடுத்துட்டுப் போயிடுவோம் சார்" என்றான். பிரகாஷ் சரி என்று தலையாட்டினான். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அலமாரி போகப் போகிறதே என்று இல்லை. அது போய்விட்டால், இந்த வீட்டில் எல்லாரும் அதன் மேலேயே பழியைப் போட்டு முடித்துவிடுவார்கள். அதன் பிறகு நான் ஆயுசுக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

அந்த ஆள் போகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, "பிரகாஷ், இங்க உக்காரு" என்றேன்.

"கப்போர்டப் பத்தி பேசாதீங்க சித்தி."

"அதப் பத்தி இல்ல. அன்னைக்கி உங்கம்மா தனியா இல்ல. நான் இங்கதான் இருந்தேன். நெஞ்ச கரிக்குதுன்னு எங்கிட்டதான் சொன்னாங்க. வேர்த்திருந்திச்சி. பாத்துட்டுத்தான் மேல போனேன். நான் தொடைக்கிறேன்னேன், உனக்கு வராதுன்னாங்க. கோச்சிக்கிட்டுப் போய்ட்டேன். அரை மணி நேரம் மேலயே இருந்தேன்."

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். பிறகு நாற்காலி தள்ளப்படுகிற சத்தம் கேட்டது.

"நாலு மாசமா ஏன் சொல்லல? தெனமும் எனக்குச் சோறு போட்டீங்களே, அப்பகூட சொல்லத் தோணலியா?"

இவ்வளவு வருஷத்தில் அவன் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் பாருங்கள் அக்கா, என் புத்தியை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கால் தானாக மாடிப்படிப் பக்கம் போனது. இரண்டு படி ஏறிவிட்டேன். மூன்றாவது படியில் கால் வைக்கும்போதுதான் எங்கே போகிறேன் என்று எனக்கே தெரிந்தது. அப்படியே நின்றேன். பிறகு இறங்கி வந்து, அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். "திட்டுடா. நான் இங்கதான் இருக்கேன்" என்றேன்.

அவன் திட்டவில்லை. பிறகு மெல்ல ஆரம்பித்தான்.

"அம்மா அன்னைக்கி எனக்கு போன் பண்ணாங்க சித்தி. யாருக்கும் சொல்லல. சூப்பர்வைசர் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு. நெஞ்ச கரிக்குதுடான்னாங்க. ஜெலுசில் குடிம்மா, அப்புறம் பேசறேன்னு கட் பண்ண போனேன்." நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகுதான் மீதியைச் சொன்னான். "இரு இரு, வைக்காதன்னாங்க. சித்தி கோச்சிக்கிட்டு மாடிக்குப் போயிருக்கா, வரும்போது ரெண்டு முட்ட பப்ஸ் வாங்கியாந்து குடு, சரியாயிடுவான்னாங்க. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்களாம். நான் மேலே நின்று உங்களைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நீங்கள் கீழே உட்கார்ந்து என் கோபத்துக்கு மருந்து சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் நெஞ்சு வலியைவிட அது உங்களுக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. இதற்கு நான் என்ன சொல்வது? அன்றைக்கு அவனும் நானும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுத அழுகையில், மாமா உள்ளே வந்து, எங்களைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னோம். "அவ யாரு சொன்னாத்தான் ஆஸ்பத்திரிக்கி வந்திருப்பா" என்றார். எங்களுக்காகச் சொன்னாரோ, நிஜமாகவே அப்படி நினைக்கிறாரோ தெரியவில்லை.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். பிரகாஷ் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டான், போனான். நானும் விடவில்லை. அவன் சாப்பிடுகிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். எட்டாம் நாள், "ரசத்துல உப்பு இல்ல" என்றான். உப்பு டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். இப்போது பேசுகிறான். முன்பு மாதிரி இல்லை, ஆனால் பேசுகிறான்.

அலமாரியை உடைக்கவில்லை. அளவெடுத்த ஆளுக்கு அவனே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஏழுமலை ஆசாரி வந்து அடிப்பலகையை அறுத்து எடுத்துவிட்டு வேறு பலகை வைத்தார். இனிமேல் தண்ணீர் எட்டாதபடி, அடியில் நாலு கிரானைட் துண்டுகளை வைத்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். தூக்கும்போது பிரகாஷ் ஒரு பக்கம் பிடித்தான். புதுப் பலகை நிறம் வெளிறித் தனியாகத் தெரிகிறது. வெடித்த கதவு கொஞ்சம் இழுத்துத்தான் மூடும். நீங்கள் பார்த்தால் முகத்தைச் சுளிப்பீர்கள். ஆனாலும் நான் துடைத்தது சுத்தமாகத்தான் இருக்கிறது. அதை மட்டும் நீங்கள் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

போன வாரம் மாமா சாப்பிட உட்கார்ந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "லேசா இழுக்குது, ஒண்ணுமில்ல" என்றார். ஒன்றுமில்லை என்பதை டாக்டர் சொல்லட்டும் என்று, அவர் திட்டத் திட்ட ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போனேன். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, சதைப் பிடிப்புதான் என்று அனுப்பிவிட்டார்கள். வீடு வந்து சேரும் வரைக்கும், "வேல வெட்டி இல்லாதவ" என்று முனகிக்கொண்டே வந்தார். முனகட்டும்.

அக்கா, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கோபப்பட மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் பொய், என்னால் முடியாது, உங்களுக்கே தெரியும். ஆனால் இனிமேல் யார் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த இடத்தை விட்டுப் போக மாட்டேன். அவர்கள் எதிரிலேயே நின்று, அவர்கள் முகத்தைப் பார்த்தபடிதான் கோபப்படுவேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி கலா,
மூலக்குளம்.